வெட்டரன் ரிங் வரைக்கும் வந்த பெரிய நாய்கள்: ஷோ, உடம்பு, கடைசி நாட்கள்

நீளநடை:

எங்க யாழிக்கு அடுத்த மாசம் எட்டு வயசு. கிரேட் டேன், பெண், நீல நிறம். எஃப்சிஐங்கிற சர்வதேச நாய் அமைப்போட கணக்குல எட்டு முடிஞ்சா வெட்டரன், அதாவது வயசான நாய்களுக்கான ஷோ வகுப்பு. பொமரேனியன் வச்சிருக்கிறவங்ககிட்ட இதைச் சொன்னா "சரி, அதுக்கென்ன?"ன்னு கேப்பாங்க. டேன் வளர்த்தவங்களுக்குத் தெரியும், நம்ம நாய்களில் நிறைய அந்த வகுப்புக்குப் பேர் கொடுக்கிற வயசையே பாக்கிறதில்லை. ஷோ கேட்டலாக்கைப் புரட்டினா பப்பி, ஜூனியர் எல்லாம் நிரம்பி வழியும். டேன் வெட்டரன் பக்கம் காலியா கிடக்கும்.

யாழி ஜூனியர்ல ஆரம்பிச்சு சாம்பியன் பட்டம் வாங்கினவ. அஞ்சு வயசுல ரிங்கை (ஷோவுல நாயை நடத்திக் காட்டற களத்தை) விட்டு எடுத்துட்டோம். இப்பப் பின்னங்கால்ல கொஞ்சம் தளர்ச்சி. படுத்து எழும்போது முன்னங்காலை ஊன்றிக்கிட்டு கொஞ்ச நேரம் யோசிக்கிறா. எழுந்து நடக்க ஆரம்பிச்சுட்டா பழைய ஆள்தான். ஷோ லீஷை அலமாரியிலிருந்து எடுத்தா கழுத்தை நீட்டிக்கிட்டு வந்து நிக்கிறா.

ரெண்டு கேள்வி. இந்த வயசுல ஒரு தடவை வெட்டரனுக்குக் கூட்டிப் போகலாமா, இல்லை அது அவளுக்காக இல்லாம என் ஆசைக்காகப் பண்றதா ஆயிடுமா? இன்னொண்ணு, இதைவிடப் பெருசு. பெரிய இனம் வளர்த்தவங்க இந்தக் கடைசிப் பகுதியை எப்படிக் கடந்தீங்க? ரிங்கைப் பத்திப் பேச ஆள் நிறைய இருக்கு. அதுக்கப்புறம் என்னங்கிறதை யாரும் வாய்விட்டுப் பேசறதில்லை.

---

பழைய_ஹேண்ட்லர்:

கூட்டிட்டுப் போம்மா. ஆனா முதல்ல தரையைப் பார். மேட் போடாத வழவழப்பான தரைன்னா ரிங்குக்குள்ளயே போகாதே, கட்டின பணம் போனா போகட்டும். வயசான டேனுக்குப் பின்னங்கால் ஒரு தடவை சறுக்கினா போதும், அன்னைக்கு முழுக்க அது குறுகிக் குறுகித்தான் நடக்கும். கையால பிடிச்சு ஸ்டேக் பண்ணாதே, அதாவது காலை எடுத்து வச்சு ஷோ நிலையில நிறுத்தாதே. தானா நின்னு ஃப்ரீ ஸ்டேக் கொடுத்தா போதும். லீஷைத் தளர்வா விடு. இளம் நாயைத் தலை தூக்கி இறுக்கிப் பிடிச்சு ஓட்டற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. அப்படிப் பிடிச்சா முன்னங்கால் வெளியே வீசும், தோள் திறக்காது. வயசான நாய்க்கு அது வலியும் கூட. நல்ல ஜட்ஜ் வெட்டரனை வேகமா ஓடச் சொல்ல மாட்டார். முறை வர்ற வரைக்கும் படுக்க வைக்க கனமான மெத்தை ஒண்ணு எடுத்துக்கோ.

நான் ரிங்குல ஓடி ஓடி என் முழங்கால் போச்சு, இப்ப வெளியே நாற்காலி போட்டுப் பாக்கிற ஆள். எந்த ஷோவுக்குப் போனாலும் நான் தவறவிடாதது வெட்டரன்தான். பப்பி வகுப்புல அழகான குட்டி யார்கிட்டயும் இருக்கும். ஒன்பது வயசு டேன் ஒண்ணு முதுகோட மேல்கோடு சரியாம ஒரு சுத்து வந்தா, அந்த லைன்ல (வம்சத்துல) எலும்பு, இதயம், வயிறு, குணம் நாலும் இருக்குன்னு அர்த்தம். குட்டி கேட்டு வர்றவங்ககிட்ட நான் சொல்றது இதுதான்: கோப்பையைக் காட்டச் சொல்லாதீங்க. தாத்தா, பாட்டி எந்த வயசுல, எதனால செத்தாங்கன்னு கேளுங்க. பதில் சொல்ல அந்த ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க.

---

ஓநாய்வேட்டை:

பெரியவர் சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த நாய்களை இந்த நிலைமைக்குக் கொண்டு வந்ததே அந்த ரிங்தானே?

எங்க வீட்ல ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட். ஒண்ணு எலும்புப் புற்றுநோய்ல போச்சு, முன்னங்கால் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஆறு வயசு முடியலை. அதுக்கப்புறம் நிறைய படிச்சேன். 74 இனங்களோட தரவை வச்சு 2013ல ஒரு ஆய்வு வந்துச்சு. உடம்பு எடை ஏறத்தாழ ஒவ்வொரு 2 கிலோ கூடும்போதும் ஆயுள் சுமார் ஒரு மாசம் குறையுது. அப்படின்னா 30 கிலோ நாய்க்கும் 70 கிலோ நாய்க்கும் நடுவுல என்ன போகுதுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. இது தெரிஞ்சும் "இன்னும் உயரம், இன்னும் எலும்பு"ன்னு தேர்ந்தெடுத்தது யாரு? உலகத்துலயே உயரமான நாய்னு பேர் வாங்கின ஜீயஸ் டேன் தோளளவு 111.8 செ.மீ., அஞ்சு வயசுல செத்துச்சு. அப்புறம் அதே பேர்ல இன்னொரு டேன் 2022ல அந்தப் பட்டம் வாங்குச்சு. அடுத்த வருஷமே, மூணு வயசுல, எலும்புப் புற்றுநோய்.

---

பழைய_ஹேண்ட்லர்:

தம்பி, கின்னஸ்காரங்க அளவு நாடாவோட வர்றதுக்கும் ரிங்குக்கும் சம்பந்தம் இல்லை. எஃப்சிஐ டேன் ஸ்டாண்டர்டை எடுத்துப் பாருங்க. ஆணுக்கு 80லிருந்து 90 செ.மீ., பெண்ணுக்கு 72லிருந்து 84. மேல்வரம்பு எழுதியே இருக்கு. 111 செ.மீ. நாய் அந்தக் கணக்குல அளவு மீறினது.

உங்க நாய்க்கு நேர்ந்தது பெரிய கொடுமை. அதுல எனக்கு மறுபேச்சு இல்லை.

---

ஓநாய்வேட்டை:

எழுதி இருக்கு, சரி. கையில என்ன நடக்குது? 2012 க்ரஃப்ட்ஸ், இங்கிலாந்தோட பெரிய நாய் ஷோ, ஞாபகம் இருக்கா? உடல்நலத்துல அதிகக் கவனம் வேணும்னு ஒதுக்கின 15 இனங்கள்ல, இனத்தில் சிறந்ததுன்னு ஜட்ஜ் தேர்ந்தெடுத்த நாயைத் தனியா ஒரு கால்நடை மருத்துவர் பார்த்தார். ஆறு இனம் தேறலை. மாஸ்டிஃப் அதுல ஒண்ணு, நியாபோலிட்டன் மாஸ்டிஃப் இன்னொண்ணு. காலையில ஜட்ஜ் இதுதான் இனத்துக்கே இலக்கணம்னு கை காட்டின நாயை, அதே நாள் மருத்துவர் வெளியே அனுப்பறார். அப்ப யார் கண்ணுல கோளாறு?

---

பழைய_ஹேண்ட்லர்:

அந்தப் பரிசோதனையை வச்சது அந்த ஷோவை நடத்தற கென்னல் கிளப்தான், வெளியாள் இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

அன்னைக்கு நிறைய பேர் கோபப்பட்டாங்க, நானும் கத்தினேன். இப்ப யோசிச்சா, அது முன்னாடியே வந்திருக்க வேண்டியது. ஆனா ரிங்கை இழுத்து மூடிட்டா என்ன ஆகும்? அளவும் இல்லை, குணச் சோதனையும் இல்லை, பத்து பேர் முன்னாடி நாயை நடத்திக் காட்டவும் வேண்டாம். "ஜம்போ சைஸ் குட்டி"ன்னு விளம்பரம் போடறவனுக்குத்தான் கொண்டாட்டம். ரிங்குக்கு நாய் கொண்டு வர்றவன் எக்ஸ்ரேவும் கொண்டு வரட்டும்னு நானும்தான் சொல்றேன்.

---

கால்நடை_டாக்டர்:

இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. ஜட்ஜின் கை பல்லைப் பார்க்கும், தோள் அமைப்பைப் பார்க்கும், ஆண் நாயின் விரை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கும். இடுப்புக் குழி ஆழமாக இருக்கிறதா என்பதை அந்தக் கை சொல்லாது. இதயத் தசை மெலிந்து அறை விரிந்துகொண்டிருப்பதையும் சொல்லாது. இடுப்பை எக்ஸ்ரேயில்தான் பார்க்க வேண்டும். ஓஎஃப்ஏ என்ற அமெரிக்க அமைப்பு இறுதி இடுப்புச் சான்றிதழை 24 மாதம் முடிந்த பிறகுதான் தருகிறது. அதற்கு முன் எடுப்பது முதற்கட்டப் பார்வை மட்டுமே.

இதய விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். டிசிஎம் என்கிற இதயத்தசை நோய் டாபர்மேன், கிரேட் டேன், ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் மூன்றிலும் அடிக்கடி வருகிறது. பல வருடம் வெளியே எதுவும் தெரியாது. நாய் ஓடும், சாப்பிடும், கோப்பையும் வாங்கும். ஸ்டெதஸ்கோப்பில் எல்லாம் சரியாகவே கேட்கலாம். டாபர்மேனில் முதல் அறிகுறியே திடீர் மரணமாக இருப்பதுண்டு. அதனால்தான் மூன்று வயதிலிருந்து வருடம் ஒருமுறை எக்கோவும் (இதய ஸ்கேன்) 24 மணி நேர ஹோல்டரும் (உடலில் கட்டி வைக்கும் இதயத்துடிப்புப் பதிவு) எடுக்கச் சொல்கிறோம். டாபர்மேனில் அந்த 24 மணி நேரத்தில் 300க்கு மேல் தவறான கீழறைத் துடிப்பு இருந்தால் நோய் என்றே எடுத்துக்கொள்கிறோம். 50லிருந்து 300 வரை சந்தேகம், திரும்ப எடுக்க வேண்டும்.

முன்கூட்டியே தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு: அறிகுறி வராத கட்டத்திலேயே பிமோபெண்டன் என்ற இதய மருந்து கொடுத்த டாபர்மேன்களுக்கு, இதயச் செயலிழப்போ திடீர் மரணமோ வரும் வரையான இடைநிலைக் காலம் (பாதி நாய்களுக்கு அதற்கு முன், பாதிக்கு அதற்குப் பின்) 718 நாள். மருந்து கொடுக்காத குழுவுக்கு 441 நாள். அந்த ஆய்வு 2012இல் வெளியானது. ஒன்பது மாத வித்தியாசம். பெரிய நாயின் வாழ்க்கையில் ஒன்பது மாதம் சின்ன விஷயமில்லை.

நீளநடை, யாழியை ஷோவுக்குக் கூட்டிப் போவதற்கு முன் எக்கோவும் ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். பின்னங்கால் தளர்ச்சியை "வயசாச்சு" என்று விடாதீர்கள். டேனில் கழுத்து எலும்பு தண்டுவடத்தை அழுத்துகிற வாப்ளர் நோயும் பின்னங்காலில்தான் முதலில் தெரியும். நகம் தரையில் தேய்கிறதா, மேல்பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

---

புதுக்குட்டி:

நடுவுல புகுந்து கேக்கறேன், மன்னிக்கவும். எங்க வீட்டுக்கு இங்கிலீஷ் மாஸ்டிஃப் குட்டி வந்திருக்கு, நாலு மாசம். பாக்கிறவங்கெல்லாம் "இவ்வளவு பெரிய எலும்புக்குக் கால்சியம் போடு, பால்பவுடர் போடு, குண்டா வளர்த்தாதான் மாஸ்டிஃப்"ங்கறாங்க. தினமும் எவ்வளவு தூரம் நடக்க வைக்கணும்? மேலே எழுதினதெல்லாம் படிச்சு வயித்தைக் கலக்குது.

---

கனத்தபாதம்:

கால்சியம் போடாதே. பாட்டிலைத் தூக்கி மறைச்சு வை.

---

கால்நடை_டாக்டர்:

கனத்தபாதம் சொன்னதுதான் சரி. காரணம் இது: வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேல் வருகிற கால்சியத்தைத் தடுத்துவிடும். சின்னக் குட்டிக்கு அந்தத் தடுப்பு இன்னும் சரியாக வேலை செய்யாது. கொடுத்ததெல்லாம் உள்ளே போகும். விளைவு, எலும்பு உறுதியாவதற்குப் பதிலாகக் கோணிக்கொண்டு வளரும், மூட்டுக் குருத்தெலும்பு பழுதாகும். பெரிய இனக் குட்டிகளுக்கான உணவில் உலர்நிலைக் கணக்கில் (நீரை நீக்கிய எடையில்) 1.8 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கூடாது என்று அமெரிக்காவில் விலங்குத் தீவன விதிகளை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு வரம்பு வைத்திருக்கிறது. மற்ற குட்டிகளுக்கு அது 2.5. பெரிய இனக் குட்டிக்குத்தான் குறைவு, கூடுதல் இல்லை. "பெரிய இனக் குட்டிக்கு" என்று எழுதிய முழு உணவைக் கொடுத்தால் அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

குண்டாக வளர்ப்பது பற்றி: 48 லாப்ரடார்களை ஒரே ஈற்றிலிருந்து ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகக் கொடுத்து, சாகும் வரை பார்த்தார்கள். 2002இல் முடிவு வந்தது. குறைவாகச் சாப்பிட்டவை இடைநிலையில் 13 வருடம் வாழ்ந்தன, மற்றவை 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. நீங்கள் காசு செலவில்லாமல் நாய்க்குக் கொடுக்கக்கூடிய ஆயுள் இது ஒன்றுதான். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

நடை: அது நின்றால் நீங்களும் நில்லுங்கள். படி இறங்குவது, உயரத்திலிருந்து குதிப்பது, பந்தைத் துரத்தித் திடீரென்று திரும்புவது வேண்டாம். மாஸ்டிஃபில் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீளும் முனைகள்) மூட ஒன்றரை வருடமோ அதற்கு மேலோ ஆகலாம்.

---

புதுக்குட்டி:

ரொம்ப நன்றி டாக்டர். கால்சியம் பாட்டிலைத் திறக்கவே இல்லை, தப்பிச்சேன். இன்னொண்ணு. சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு உயரமான ஸ்டாண்ட் வாங்கலாமா? பெரிய நாய்க்குக் கட்டாயம்னு சொன்னாங்க.

---

கனத்தபாதம்:

இதுக்கு நான் பதில் சொல்றேன், எனக்குத்தான் அந்த ராத்திரி தெரியும்.

எங்க பெர்னி, செயின்ட் பெர்னார்ட். நல்லா சாப்பிட்டான். கொஞ்ச நேரத்துல எழுந்து எழுந்து படுத்தான். வாந்தி எடுக்கிற மாதிரி வயிறு குலுங்குது, ஆனா நுரையைத் தவிர ஒண்ணும் வரலை. வாயில எச்சில் கயிறு. விலாவுக்குப் பின்னாடி தட்டினா டம் டம்னு சத்தம். நாங்க போன முதல் இடத்துல "வாயுதான், காலையில வாங்க"ன்னு அனுப்பினாங்க. என் வீட்டுக்காரர் வண்டியைத் திருப்பவே இல்லை, அப்படியே அடுத்த மருத்துவமனைக்கு விட்டார். அங்கே படம் எடுத்து உடனே மேசையில ஏத்தினாங்க. பிழைச்சான்.

புதுக்குட்டி, இதை மனப்பாடம் பண்ணிக்கோ: வாந்தி வர முயற்சி, ஆனா வராது. வயிறு உப்பல். நிலைகொள்ளாம அலையறது. இந்த மூணு சேர்ந்தா நேரம் பாக்காதே, யார்கிட்டயும் கேக்காதே, கிளம்பு. இரைப்பை காத்து நிரம்பி, துணி பிழியற மாதிரி முறுக்கிக்கும். ரத்தம் ஓடாது. விடியற வரைக்கும் காத்திருக்கிற நோய் இல்லை இது.

ஸ்டாண்ட் எங்க வீட்லயும் இருந்துச்சு. அதைப் பத்தி டாக்டர் சொல்லட்டும்.

---

கால்நடை_டாக்டர்:

2000இல் பர்டூ பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வில், மிகப் பெரிய இனங்களில் வந்த ஜிடிவியில் (கனத்தபாதம் சொன்ன இரைப்பை முறுக்கு) சுமார் 52 சதவீதமும் பெரிய இனங்களில் 20 சதவீதமும் உயர்த்திய கிண்ணத்தோடு தொடர்புபடுத்தப்பட்டது. பிறகு வந்த எல்லா ஆய்வும் அதை உறுதி செய்யவில்லை. ஆனால் ஸ்டாண்ட் பாதுகாக்கிறது என்று நம்பும்படியும் எதுவும் வரவில்லை. கழுத்து வலி இருக்கிற நாய்க்கு மட்டும் வைக்கலாம். மற்றவற்றுக்குத் தரையே போதும். ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். அவசரமாக விழுங்கும் நாய் என்றால் வேகம் குறைக்கும் கிண்ணம் வையுங்கள்.

இதையெல்லாம்விட உறுதியானது, இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடும் காஸ்ட்ரோபெக்ஸி. உப்பலைத் தடுக்காது, முறுக்கைத் தடுக்கும். கருத்தடை செய்யும்போதே சேர்த்துச் செய்யலாம். 2003இல் வந்த ஒரு கணக்கீட்டின்படி இந்த நோயால் வரும் மரணம் ராட்வைலரில் 2.2 மடங்கும் கிரேட் டேனில் 29.6 மடங்கும் குறையும். டேன் வைத்திருப்பவர்கள் இதைப் பற்றி ஒருமுறையாவது தங்கள் மருத்துவரிடம் பேசியிருக்க வேண்டும்.

---

நீளநடை:

யாழிக்கு அது செஞ்சிருக்கு. ரிங்ல இருக்கும்போதே செய்யலாமான்னு நிறைய பேர் கேப்பாங்க. லேப்ராஸ்கோப்பில செஞ்சா ரெண்டு சின்னத் தழும்புதான். ஆனா உங்க கிளப் விதியை ஒரு தடவை பாத்துக்கோங்க.

---

மூவண்ணம்:

ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன். இன்னைக்கு எழுதணும்னு தோணுச்சு.

எங்க பெர்னீஸ் மவுண்டன் டாக், பேரு கரடி, போன மாசம் போயிட்டான். ஏழு வயசு. ஹிஸ்டியோசைட்டிக் சார்கோமாங்கிற புற்றுநோய். பெர்னீஸ் வளர்க்கிறவங்க இந்த வார்த்தையை எப்பவாவது கேட்டே ஆகணும், எங்க முறை வந்துச்சு. கொஞ்சம் சாப்பாடு குறைஞ்சுது, மூச்சு வாங்குச்சு, ஸ்கேன் எடுத்தா எல்லா இடத்துலயும் இருந்துச்சு.

வீட்ல எல்லாமே அவன் அளவுக்கு மாத்தி வச்சிருந்தோம். சோபாவுக்கும் மேசைக்கும் நடுவுல அவன் திரும்பற அளவு இடம். வழுக்காம இருக்க வராண்டா முழுக்க ரப்பர் விரிப்பு. வால் அடிக்காத உயரத்துலதான் கண்ணாடிப் பொருள் எல்லாம். இப்ப எதை எடுக்கிறது, எதை விடறதுன்னு தெரியலை. விருந்தாளி ஒருத்தர் வந்து "இப்ப வீடு விசாலமா இருக்கு"ன்னார். பதிலே சொல்லலை.

ஆபீஸ்ல ரெண்டு நாள் லீவு கேட்டேன். "நாய்தானே?"ன்னாங்க. காய்ச்சல்னு சொல்லித்தான் எடுத்தேன்.

எனக்கு வேண்டியது ஆறுதல் இல்லை. அவன் கூடப் பிறந்தவ, பனி, எங்ககிட்டதான் இருக்கா. அன்னையிலிருந்து சரியா சாப்பிடலை. அவன் படுத்திருந்த மூலைக்குப் போய் முகர்ந்துட்டு வந்து கதவுகிட்ட படுத்துக்கறா. இதுக்கு என்ன செய்யறது?

---

கனத்தபாதம்:

தம்பி, ஒண்ணும் சொல்லத் தெரியலை. பெர்னி முறுக்கிலிருந்து பிழைச்சு அதுக்கப்புறமும் நல்லா இருந்துட்டு, மூட்டு முழுசா விட்டுப் போய்த்தான் போனான். "நாய்தானே"ன்னு எனக்கும் சொன்னாங்க. காய்ச்சல்னு சொன்னது பொய்யே இல்லை, விடு.

பனி விஷயம்: எங்க வீட்லயும் சின்னவ இப்படித்தான் இருந்தா. ரெண்டு மாசம் கிட்ட ஆச்சு. கிண்ணத்தை அதே இடத்துல, அதே நேரத்துல வச்சோம். சாப்பிடலைன்னா கெஞ்சாம எடுத்துடுவோம். கெஞ்சினா அவளும் பதட்டப்படறா. நடக்கப் போற பாதையை மட்டும் மாத்தினோம். பழைய பாதையில ஒவ்வொரு கம்பத்துக்கிட்டயும் நின்னு அவனைத் தேடினா. அவன் மெத்தையை உடனே துவைக்காதே.

---

கால்நடை_டாக்டர்:

நாய்கள் துக்கப்படுகின்றனவா என்று அறுதியிட்டுச் சொல்வது கடினம், ஆனால் மாறுகின்றன. 2022இல் இத்தாலியில் 426 பேரிடம் கேட்டபோது 86 சதவீதம் பேர் வீட்டில் மிஞ்சிய நாயின் நடத்தை மாறியதாகச் சொன்னார்கள். ஒட்டிக்கொள்வது, விளையாட்டு குறைவது, தூக்கம் கூடுவது, சாப்பாடு குறைவது. பல வீடுகளில் அது மாதக்கணக்கில் நீண்டது. வீட்டு மனிதர்களின் துக்கத்தைப் பார்த்தும் நாய் மாறலாம்.

ஆனால் பனி அவன் கூடப் பிறந்தவள், அவளுக்கும் ஏழு வயது. இரண்டு நாளுக்கு மேல் முழுதாகச் சாப்பிடாமல் இருந்தால் துக்கம் என்று விடாமல் ரத்தப் பரிசோதனையும் வயிறு, மார்பு ஸ்கேனும் எடுங்கள். இதை எழுத வருத்தமாகத்தான் இருக்கிறது.

---

மூவண்ணம்:

புரியுது டாக்டர். நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்.

---

நீளநடை:

மூவண்ணம், படிச்சிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியலை.

டாக்டர், இதைக் கேக்கவே பயமா இருக்கு, ஆனா இங்கேதான் கேக்க முடியும். நேரம் வந்துருச்சுன்னு எப்படித் தெரியும்? 60 கிலோ நாயை அந்த நாள்ல எப்படிக் கையாளறது?

---

கால்நடை_டாக்டர்:

கேட்டது நல்லது. அந்த நாளில் யோசிக்க முடியாது.

நேரம் பற்றி: ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது. ஏழுக்கும் தனித்தனியே பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண், மொத்தம் 35க்கு மேல் இருந்தால் தொடரலாம் என்று கணக்கு. வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள். பெரிய நாயில் "நடமாட்டம்" மற்ற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும் என்பது என் அனுபவம். 8 கிலோ நாய்க்கு எழ முடியாவிட்டால் தூக்கிக்கொண்டு போய் வெளியே விடலாம். 60 கிலோ நாய் எழாவிட்டால் அன்று மாலையே சுத்தம், படுக்கைப் புண், மனிதரின் முதுகு எல்லாம் சேர்ந்து வந்துவிடும். மனம் தெளிவாக இருக்கும் நாய், தன் இடத்திலேயே மூத்திரம் போக நேர்ந்தால் வெட்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

கையாளுவது பற்றி: முடிந்தால் வீட்டுக்கு வரும் மருத்துவரை முன்பே பேசி வையுங்கள். முதலில் தசையில் மயக்க ஊசி, நாய் தூங்கிய பிறகு ரத்தக்குழாயில் பென்டோபார்பிட்டல் என்ற, உயிரை நிறுத்தும் மருந்து. மயக்க ஊசிக்கு முன்பே நாயை எந்த இடத்தில் படுக்க வைப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். தூங்கிய பிறகு நகர்த்த முடியாது. கதவுக்கு அருகில், தரை மட்டத்தில், அடியில் தடித்த கம்பளி அல்லது ஸ்ட்ரெச்சர் துணி. அதன் நான்கு மூலையைப் பிடித்தால்தான் பிறகு தூக்க முடியும். தூக்க மூன்று நான்கு பேர் வேண்டும், அவர்களிடம் முன்பே சொல்லுங்கள். இதயம் பலவீனமான நாயில் மருந்து பரவ நேரமாகும், பயப்பட வேண்டாம். கண் மூடாது. இதயம் நின்ற பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பது போல உடல் அசையலாம், அது உயிர் இல்லை, தசை. சொல்லாமல் விட்டால் அதுதான் வருடக்கணக்கில் மனதில் நிற்கும். மற்ற நாய் வீட்டில் இருந்தால் பிறகு வந்து முகர்ந்து பார்க்க விடுங்கள்.

---

புதுக்குட்டி:

குட்டிக்கு நாலு மாசம்தான், இதைப் படிச்சுட்டு அது பக்கத்துல போய் உக்காந்துட்டேன். என் ஷூவைத் தின்னுக்கிட்டு இருக்கு.

---

ஓநாய்வேட்டை:

தின்னட்டும், ஆனா வாயிலிருந்து எடுத்துடு. நாய் விழுங்கிய செருப்பை வெளியே எடுக்கிற ஆபரேஷன் செருப்பைவிட விலை அதிகம்.

டாக்டர் எழுதினதுல ஒண்ணு சேக்கறேன். எங்க நாய்க்குக் காலை எடுக்கலாமான்னு கேட்டப்ப, காலை மட்டும் எடுத்தா இடைநிலையில நாலஞ்சு மாசம் உயிரோட இருக்கும், கீமோவும் சேர்த்தா பத்துலிருந்து பன்னெண்டு மாசம்னு தெளிவா சொன்னாங்க. பெரிய நாய் மூணு கால்ல நடக்காதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நிறைய நாய் நடக்குது. எங்களுது மத்த கால்லயும் மூட்டுத் தேய்ஞ்சிருந்ததால வேண்டாம்னு முடிவு பண்ணினோம். ரெண்டு முடிவும் சரியான முடிவாத்தான் இருந்திருக்கும். இதை எனக்கு நானே சொல்லிக்க நாளாச்சு.

---

பழைய_ஹேண்ட்லர்:

மூவண்ணம் தம்பி, "நாய்தானே"ன்னு சொன்னவங்களுக்கு ஒரு தகவல். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒண்ணு இருக்கு, 7ஆம் நூற்றாண்டு. செத்த வீரனுக்குப் பக்கத்துல அவன் நாயையும் செதுக்கி, கோவிவன்னு அதோட பேரையும் எழுதி, கள்ளர் ரெண்டு பேரைக் கடிச்சுதுன்னு கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. நாயை இழந்து அழறவன் இன்னைக்குப் புதுசா கிளம்பினவன் இல்லை. கவிஞர் பைரன் தன் நியூஃபவுண்ட்லாந்து நாய்க்கு 1808ல வெறிநோய் வந்தப்ப பக்கத்துலயே இருந்து பார்த்துக்கிட்டார், அப்புறம் தன் நியூஸ்டெட் மாளிகைத் தோட்டத்துல அதுக்கு ஒரு பெரிய நினைவுச் சின்னமே எழுப்பினார். ஆபீஸ்ல லீவு கேக்கும்போது இதையெல்லாம் சொல்ல முடியாதுதான்.

நீங்க அடுத்த குட்டி எடுப்பீங்களான்னு கேக்க மாட்டேன். உடனே எடுங்கன்னு சொல்றவங்களும், இனி எடுக்காதீங்கன்னு சொல்றவங்களும் நிறைய வருவாங்க. ஒண்ணு மட்டும்: அதே லைன்ல, அதே மாதிரி முகம் இருக்கிற குட்டியைத் தேடாதீங்க. அந்தக் குட்டிக்கு அது பெரிய பாரம்.

---

மூவண்ணம்:

நன்றி அண்ணா. பனிக்கு ஸ்கேன் சுத்தமா இருக்கு. ரத்தத்துலயும் ஒண்ணுமில்லை. நேத்து ராத்திரி பாதிக் கிண்ணம் சாப்பிட்டா. குட்டி பத்தி இப்ப பேச முடியலை.

---

நீளநடை:

நல்ல செய்தி! யாழிக்கும் எக்கோ எடுத்தாச்சு. இதயம் அவ வயசுக்குப் பரவாயில்லைன்னாங்க. கழுத்துல லேசா அழுத்தம் இருக்கு, காலரை விட்டு ஹார்னஸுக்கு மாறச் சொன்னாங்க. ஷோ லீஷ் கழுத்துல போடறதால வெட்டரன் ஷோ வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். கொஞ்சம் ஏமாற்றம்தான், எனக்கு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

---

ஓநாய்வேட்டை:

சரியான முடிவு. கோப்பை அவளுக்கு எதுக்கு?

என் பக்கச் செய்தி. நாங்க அடுத்த உல்ஃப்ஹவுண்ட் எடுக்கறதா இருக்கோம். மனைவி ஒரு வருஷமா கேக்கறா, நான்தான் இழுத்தடிச்சேன். ஒரு ப்ரீடர்கிட்ட பேசினேன், அப்பா அம்மா ரெண்டோட எக்கோ ரிப்போர்ட் அனுப்புங்கன்னேன். கோப்பைகளை அடுக்கி வச்ச அலமாரி ஃபோட்டோ அனுப்பினார். இன்னொருத்தர் கேக்காமலேயே எக்கோ, ஈசிஜி, தாய்வழிப் பாட்டி ஒன்பது வயசுல எதனால போச்சுங்கிறது வரைக்கும் எழுதி அனுப்பினார். ஆனா தந்தை பக்கம் ரெண்டு தலைமுறைக்கு மேல தகவல் இல்லைங்கறார்.

---

பழைய_ஹேண்ட்லர்:

எந்த லைன்னு தனிச்செய்தியில அனுப்புங்க தம்பி. உல்ஃப்ஹவுண்ட் கேட்டலாக் பழசெல்லாம் என்கிட்ட இருக்கு. தந்தை பக்கத்து நாய் எதுவாவது வெட்டரன்ல நடந்திருந்தா பேர் கிடைக்கும்.